புது ஸ்போர்ட்ஸ் பைக்: கையில் இருக்கும் 40,000 ரூபாயை எங்கே போடுவது?

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை டீக்கடையில் ஞாயிறு காலை கூடும் எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, 300 சிசி ஃபுல் ஃபேரிங் (உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் மூடின) வண்டி எடுத்து 16 நாள் ஆகுது. 420 கிலோமீட்டர் ஓடியிருக்கு. கையில் 40,000 ரூபாய் வெச்சிருக்கேன். சைலன்ஸர், அகலமான பின் டயர், லீவர் செட், ஸ்டிக்கர் எல்லாம் போடலாம்னு இருக்கேன். எதில் ஆரம்பிக்கலாம்? மெயின்டனன்ஸை நானே பார்த்துக்கலாமா, ஷோரூமையே நம்பி விட்டுடலாமா?"

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை தம்பி. அதனால் எழுதித் தருகிறேன்.

சுருக்கமான பதில் இதுதான். உங்கள் உடம்பு வண்டியைத் தொடுகிற இடத்திலும், வண்டி ரோட்டைத் தொடுகிற இடத்திலும் காசைப் போடுங்கள். நடுவில் இருக்கும் எஞ்சினை அதைச் செய்தவர்களிடமே விட்டுவிடுங்கள். உங்கள் பட்டியலில் முதலில் நிற்கும் சைலன்ஸர் என் பட்டியலில் கடைசி. போடாமலே விட்டாலும் குறை ஒன்றும் இல்லை. நான் மெக்கானிக் கிடையாது, பேங்க்கில் வேலை பார்க்கிறவன். ஆனால் 22 வருஷமாக வீட்டு வாசலில் உட்கார்ந்து கையைக் கறுப்பாக்கிக்கொண்டிருக்கிறேன். கீழே சொல்வதில் பாதி, நான் செய்த தப்புகள்.

முதல் 1,000 கிலோமீட்டர் வரை பர்ஸைத் திறக்கவே வேண்டாம். புது எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடு ஒன்று உரசித்தான் பதிய வேண்டும். அதற்குத் தேவை ஏறி இறங்கும் வேகம். ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுவது கெடுதல், டாப் கியரில் 30-இல் திணற விடுவது அதைவிடக் கெடுதல். மேனுவலில் எத்தனை ஆர்.பி.எம். வரைக்கும் போகலாம் என்று போட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். அப்புறம் கியரை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக் நமக்கு உதவி செய்கிறது, வேறு எதிலும் செய்ததாக ஞாபகம் இல்லை. முதல் சர்வீஸில் வடிக்கும் ஆயிலை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள், அலுமினியப் பொடி மாதிரி மினுமினுக்கும். ரிங்கும் கியரும் பதிந்ததன் மிச்சம் அது. அதனால்தான் முதல் ஆயில் மாற்றத்தை ஒரு நாளும் தள்ளிப் போடக்கூடாது.

இந்த 1,000 கிலோமீட்டருக்குள் செய்ய வேண்டிய கஸ்டமைசேஷன் ஒன்று இருக்கிறது, செலவு பூஜ்யம். ஷோரூமில் டெலிவரி கொடுக்கும்போது லீவர், கியர் பெடல், பின் ஷாக் எல்லாம் ஏதோ ஒரு சராசரி ஆளுக்கு ஏற்ற மாதிரி வைத்திருப்பார்கள். அந்தச் சராசரி ஆள் நீங்கள் இல்லை. வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் கிரிப்பில் வையுங்கள். விரல்களை மட்டும் நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே கோடாக வந்து லீவர் மேல் விரல் விழ வேண்டும். மணிக்கட்டை மேலே மடக்கித்தான் லீவரைத் தொட முடிகிறது என்றால், லீவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திக் கீழே இறக்கிக்கொள்ளலாம். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கட்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கும், தட்டு தேயும். நீங்கள் ஷூ போட்டுக்கொண்டு ஓட்டுகிற ஆள் என்றால் கியர் பெடலை அந்த ஷூவின் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். லிங்கேஜ் கம்பியின் இரண்டு பக்கமும் இருக்கும் நட்டைத் தளர்த்தித் திருகினால் போதும்.

"ரெண்டு வாரமாக மணிக்கட்டு வலிக்குது, ஹேண்டிலை உயர்த்துற ரைசர் போடணுமா?" என்று கேட்டு வருகிறவர்களில் நிறைய பேருக்கு இந்தப் பத்து நிமிஷ வேலையே மருந்து. மிச்சம் பேருக்கு மருந்து முழங்காலில் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் வண்டியில் உடம்பைத் தாங்க வேண்டியது கை அல்ல. டேங்க்கை முழங்காலால் கவ்விக்கொண்டு, இடுப்பிலும் வயிற்றிலும் உடம்பைப் பிடித்து வைக்க வேண்டும். கை வெறுமனே ஹேண்டிலைத் திருப்பத்தான். பிரேக் பிடிக்கும்போது முன்னால் சரிகிற எடையைக் கையில் வாங்கினால் மணிக்கட்டு வலிக்காமல் என்ன செய்யும்? டேங்க்கின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரப்பர் டேங்க் கிரிப் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். என்னைக் கேட்டால் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு அதைவிடப் பிரயோஜனமான மாடிஃபிகேஷன் கிடையாது. போட்டோவில் அழகாகத் தெரியாது, அதனால்தான் யாரும் முதலில் வாங்குவதில்லை.

பின் ஷாக்கின் பிரீலோடையும், அதாவது அதன் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும், அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். ஒரு நண்பரைக் கூப்பிட்டு, வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பின் சக்கரம் தொங்கும்போது ஆக்ஸிலிலிருந்து சீட்டுக்குக் கீழே ஏதாவது ஒரு புள்ளி வரைக்கும் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் முழு ஜாக்கெட், ஹெல்மெட்டோடு உட்கார்ந்து அதே அளவை மறுபடி எடுக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 30 முதல் 35 மில்லிமீட்டர் இருந்தால் தெருவில் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் வண்டிக்குச் சரி. 20-தான் வருகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு இறுக்கம், சி-ஸ்பானரை வைத்து வளையத்தைத் தளர்த்துங்கள். அளவில்லாமல் போட்டிருக்கும் நம் ஊர் ஹம்ப்புகளில் இடுப்பு எகிறுவது நிற்கும். 50 வருகிறதா, இறுக்குங்கள். அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சஸ்பென்ஷனே முக்கியம் என்று நினைக்கிறவர்கள் வண்டி புக் செய்யும்போதே யோசித்திருக்க வேண்டும். ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்.ஆர். 310-க்கு 2021 முதல் அதைக் கம்பெனியே பொருத்திக் கொடுக்கிற பில்ட் டு ஆர்டர் வழி இருக்கிறது. கம்பெனி பொருத்தினால் வாரன்ட்டிக்கும் ஆர்.சி.-க்கும் தொல்லை இல்லை.

சரி, சைலன்ஸருக்கு வருவோம். எனக்கும் சத்தம் பிடிக்கும், ஆர்.எக்ஸ். 100 காலத்து ஆள் நான். அந்த டூ-ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி, சைலன்ஸரில் கை வைத்தால் வித்தியாசம் அடுத்த தெருவிலேயே தெரியும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு கதை வேறு. எக்ஸாஸ்ட் பைப்பில் ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அது சொல்கிற கணக்கை வைத்து எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. கடைசி டப்பாவை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் போட்டால் எடை ஒன்றிரண்டு கிலோ குறையும், சத்தம் கூடும். பவர் கூடுவது பேருக்குத்தான். புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டரையும் சேர்த்து மொத்த பைப்பையும் மாற்றினால் பல வண்டிகளில் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடாக ஓடும், த்ராட்டிலை விடும்போது படபடவென்று வெடிக்கும். அந்தப் படபடப்பை ரேஸ் வண்டி சத்தம் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சரிசெய்ய ஈ.சி.யூ.-வில் கணக்கை மாற்றி எழுத வேண்டும். அதோடு எஞ்சின் வாரன்ட்டிக்கு ஒரு கும்பிடு.

இதில் பெங்களூருக்கென்றே ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கிடைக்கிற காற்று குறைந்தால் பவரும் அந்த அளவுக்குக் குறையும். சென்னை வெயில் அங்கே உள்ள காற்றையும் கொஞ்சம் இளக்கிவிடும், அதனால் முழு 8 சதவீதமும் வித்தியாசமாகத் தெரியாது. இருந்தாலும் புது சைலன்ஸர் போட்டுக்கொண்டு ஆம்பூர் பிரியாணிக்கு இறங்கிப் போகிற ஆட்கள் "வண்டி பறக்குதுண்ணா" என்று சொல்வதில் பாதிப் பெருமை மலை இறங்கியதற்குச் சேர வேண்டியது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.-யில் இருப்பது மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 190(2) பிரிவில் சத்தம், புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம், லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம். பிடித்த சைலன்ஸர்களை வரிசையாகப் படுக்க வைத்து ரோடு ரோலர் ஏற்றும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டிக்கர் விஷயத்தில் அந்தக் கவலை குறைவு. ஆனால் வண்டியின் நிறமே மாறிப்போகிற மாதிரி முழுக்க ராப் செய்தால் ஆர்.டி.ஓ.-வில் பதிய வேண்டியிருக்கும். பின்னால் மட்கார்டை வெட்டி, நம்பர் பிளேட்டை மேலே ஏற்றும் டெயில் டைடி போடுவதும் இப்போது ஃபேஷன். நம்பர் பிளேட் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டால் கேமராவுக்குத் தெரியாது, போலீஸ்காரருக்குத் தெரியும். அதோடு மழையில் பின் டயர் வாரியடிக்கிற சேறு முழுக்க உங்கள் முதுகில்தான்.

அகலமான பின் டயர் வேண்டாம். 140 போட்டுவரும் ரிம்மில் 150 மாட்டினால் டயரின் இரண்டு ஓரமும் உள்பக்கம் நெருக்கப்பட்டு, நடுப்பகுதி எழும்பிக் கூராகும். நிமிர்ந்து ஓடும்போது ரோட்டைத் தொடும் ரப்பர் கூடுவதற்குப் பதில் குறையலாம். திருப்பத்தில் வண்டி சாயும் விதமும் மாறும், செயினிலோ மட்கார்டிலோ உரசும் வாய்ப்பும் உண்டு. உங்களுக்கு உண்மையிலேயே பிடிப்பு வேண்டும் என்றால், முதல் செட் தேய்ந்ததும் அதே அளவில் நல்ல ரேடியல் டயர் வாங்குங்கள். காசு அங்கே போட்டால் ஒவ்வொரு மழையிலும் திரும்பி வரும். புது டயருக்கு முதல் 100, 150 கிலோமீட்டர் வழுக்கும் தன்மை இருக்கும். அதுவரை திருப்பத்தில் சாய்க்காமல் மெதுவாகவே போங்கள்.

காற்றழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் பங்கில் போய் அடிப்பதற்குள் டயர் சூடாகிவிடும், அளவு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். கையடக்க கேஜ் ஒன்று வாங்கி, வாரம் ஒரு முறை காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே பாருங்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. பங்க் பையன் எல்லா வண்டிக்கும் வாயில் வைத்திருக்கும் ஒரே நம்பர் உங்கள் வண்டிக்கானது அல்ல.

லீவர் செட் வாங்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது, ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். பிரேக் லீவர், பிரேக் ஃப்ளூயிட்டை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிற இடத்தில், லீவரை விட்டதும் ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். மலிவான லீவரில் அந்த மூக்கு அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வராது. ஃப்ளூயிட் டாங்க்கிக்குத் திரும்பிப் போகிற சின்னத் துளை அடைபட்டே இருக்கும். ஓட ஓட ஃப்ளூயிட் சூடாகி விரியும், போக வழி இல்லாமல் அது பேடைத் தானாகவே அழுத்தும். முன் சக்கரம் மெல்ல மெல்ல இறுகும். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு நந்தி மலை இறக்கத்தில் இதுதான் நடந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, லீவர் போல்ட்டைத் தளர்த்திய பிறகுதான் சக்கரம் சுற்றியது. அதனால் லீவர் போட்டே ஆக வேண்டுமென்றால் உங்கள் மாடலுக்கென்றே செய்த நல்ல பிராண்டைப் போடுங்கள். மாட்டியதும் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்தால் ஸ்டாப் லைட் எரிகிறதா, விட்டால் அணைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்ட்ரா லைட், ஃபோன் சார்ஜர் என்று மின்சார வேலை எது செய்தாலும் பேட்டரியிலிருந்து தனி வயர், ஃபியூஸ், ரிலே. இதில் பேரம் பேசாதீர்கள். என் பழைய வண்டியில் ஒரு கடையில் ஹாரன் வயரைச் சுரண்டி லைட் இணைப்பை முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார்கள். அதை அழகாக இருக்கிறது என்று வேறு நான் பாராட்டிவிட்டு வந்தேன். கிருஷ்ணகிரி தாண்டி ராத்திரி 9 மணிக்கு ஃபேரிங்குக்குள்ளிருந்து பிளாஸ்டிக் எரிகிற வாசனை. மொத்த வண்டியும் இருட்டு. ஒரு லாரி டிரைவர் அண்ணன் டார்ச் அடித்துக் காட்ட, வயரைப் பிய்த்துப் போட்டுவிட்டு அவர் லாரி வெளிச்சத்திலேயே பின்னால் ஊர்ந்து வந்து சேர்ந்தேன். ஃபியூஸ் இல்லாத வயர் உருகும்போது பக்கத்தில் இருக்கும் ஒழுங்கான வயர்களையும் கூட்டிக்கொண்டுதான் போகும். மொத்த வயர்க் கட்டான ஹார்னெஸ் மாற்றிய பில்லில் நான்கு செட் லைட் வாங்கியிருக்கலாம்.

கீழே விழுந்தால் காப்பாற்ற, ஃப்ரேமிலிருந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முட்டான ஃப்ரேம் ஸ்லைடர் போடுங்கள். நின்ற இடத்தில் சாய்ந்தாலே ஃபேரிங்கை மாட்டும் காதுகள் ஒடிந்துவிடும், ஒட்டினாலும் பழையபடி உட்காராது. அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள். உங்கள் வண்டியின் வெளிப்பக்கம் முழுக்கவே பிளாஸ்டிக். தேய்மானம் கழிக்காத ஸீரோ டெப் எடுக்கவில்லை என்றால் பாதி பில் உங்கள் தலையில்தான். மாட்டிய பாகங்களையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள், கிளெய்ம் நேரத்தில் சர்வேயர் கண்டுபிடித்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

இனி மெயின்டனன்ஸ். ஷோரூமா, நாமேவா என்பதற்கு என் கணக்கு எளிது. வாரன்ட்டி முடிகிற வரை ஆயில், வால்வ், ஈ.சி.யூ. சம்பந்தப்பட்டது எல்லாம் ஷோரூமில், தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில்லோடு. செயின், காற்று, கழுவுவது, போல்ட் பார்ப்பது எல்லாம் நம் கையில். முக்கியமாக செயின். எத்தனை நல்ல சர்வீஸ் சென்டர் என்றாலும் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்க்கிறவர்களால் உங்கள் செயினைக் காப்பாற்ற முடியாது.

ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் பெரும்பாலும் ஓ-ரிங் வகைச் செயின் வருகிறது. ஒவ்வொரு கண்ணியின் உள்ளேயும் ஃபேக்டரியில் வைத்த கிரீஸ், அது வெளியே வராமல் காக்கச் சின்ன ரப்பர் வளையம். நாம் செயினுக்கு லூப் (மசகு ஸ்ப்ரே) அடிப்பது உள்ளே போவதற்காக இல்லை. அந்த ரப்பர் காய்ந்து வெடிக்காமலும், வெளியே துரு பிடிக்காமலும், ஸ்ப்ராக்கெட் பல்லோடு உரசாமலும் இருப்பதற்காக. அதனால்தான் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவதும் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் தப்பு, இரண்டுமே ரப்பரைத் தின்றுவிடும். மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர், நைலான் பிரஷ், பழைய பனியன். இவ்வளவுதான் தேவை. 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அல்லது நன்றாக மழையில் நனைந்து வந்த அன்றைக்கே. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில் லூப் அடியுங்கள், சுற்றும் வேகத்தில் அதுவே வெளிப்புறம் வரும். ஸ்ப்ரேக்குக் காசு இல்லாத மாதம் 90 நம்பர் கியர் ஆயிலை பிரஷ்ஷில் தொட்டுத் தடவினாலும் போதும், கொஞ்சம் சக்கரத்தில் தெறிக்கும். ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு எடுங்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சக்கரம் தானாகச் சுற்றும்போது செயினைத் துணியால் துடைக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியும். விரலும் முடியும். நியூட்ரலில், சாவியைக் கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் செயினைத் தொட வேண்டும்.

செயின் தொய்வு எவ்வளவு என்பதும் அதே ஸ்விங்ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும். பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டருக்குள் வரும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீளாது. அதனால் சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, எங்கே அதிக இறுக்கமோ அங்கே அளவெடுங்கள். அளவைவிடக் கொஞ்சம் தொய்வாக இருந்தால் சத்தம்தான் வரும். இறுக்கமாக இருந்தால், நீங்கள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் கம்பி மாதிரி விறைத்து, கியர்பாக்ஸ் வெளித் தண்டின் பேரிங்கை இழுக்கும். செயின் மாற்ற ஆயிரங்களில் செலவு, அந்த பேரிங் மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தொய்வு பக்கமே நில்லுங்கள்.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ. 2 என்று இருக்கிறதா என்று பாருங்கள், மேனுவலில் சொன்ன 10டபிள்யூ-40 போன்ற தரமும் பொருந்த வேண்டும். கார் ஆயில் விலை குறைவாக இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் அதில் இருக்கும், நம் கிளட்ச் அதே ஆயிலில் முங்கிக் கிடப்பதால் வழுக்க ஆரம்பிக்கும். பிரேக் ஃப்ளூயிட் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஃப்ளூயிட்டின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் சேர்ந்த பிறகு 155 வரை இறங்கலாம். மலை இறங்கும்போது லீவர் பஞ்சு மாதிரி ஆவது அதனால்தான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். ஒரு சொட்டு பெயின்ட்டில் விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் பொங்கிவிடும். கூலன்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள், அதிலிருக்கும் உப்பு ரேடியேட்டருக்குள்ளேயே படிந்துவிடும்.

கழுவுவது பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புங்க மரத்துக்கு அடியிலும் தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியிலும் நிழல் தேடி நிறுத்தாதீர்கள். பூவும் பிசினும் பறவை எச்சமும் ஒரே வாரத்தில் டேங்க்கில் தழும்பு போட்டுவிடும். தூசியை வறட்டுத் துணியால் துடைப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்றே. இரண்டு வாளித் தண்ணீர், ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி போதும். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் கழிவு நீரைப் பிடித்து வைத்துத்தான் கழுவுகிறோம், அந்த உப்பு புள்ளி புள்ளியாகக் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். பிரஷர் வாஷரைச் செயின், சக்கர பேரிங், ரேடியேட்டர் பக்கம் காட்டவே கூடாது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிட்டால் டிராஃபிக்கில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் காலும் வெந்துகொண்டே இருக்கும்.

போல்ட்டை அளவோடு இறுக்க ஒரு டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். வாரன்ட்டி முடிந்த என் வண்டியில் முதன்முதலாக நானே ஆயில் மாற்றியபோது, கசியக்கூடாது என்று டிரெயின் போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். போல்ட் இரும்பு, எஞ்சின் அடிப்பகுதி அலுமினியம். கடைசியாக ஒரு முறுக்கு, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இளகிச் சுற்றியது. திரெட் போச்சு. மூன்று நாள் லேத் பட்டறைக்கு அலைந்தேன். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள்.

ஆக உங்கள் 40,000 ரூபாயில், ஹெல்மெட், கிளவுஸ், ஜாக்கெட், கணுக்காலை மூடும் ஷூ இவை ஏற்கெனவே இல்லையென்றால் பாதிக்கு மேல் அங்கேயே போகட்டும். டேங்க் கிரிப், ஸ்லைடர், பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், கேஜ், செயின் சாமான் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரங்கள். மிச்சத்தை அடுத்த டயர் செட்டுக்கென்று எடுத்து வையுங்கள். ஸ்டிக்கர் ஆசை இருந்தால் தாராளமாக ஒட்டுங்கள், அது உங்கள் வண்டி. கம்பெனி பாகம் எதைக் கழற்றினாலும் போல்ட்டோடு சேர்த்துத் துணியில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது "ஒரிஜினல் இருக்கா?" என்பதுதான்.

வேகப் பசி வந்தால் மைசூர் எக்ஸ்பிரஸ்வே பக்கம் போக நினைக்காதீர்கள், 2023 ஆகஸ்டிலிருந்து அதன் மெயின் ரோட்டில் டூ-வீலருக்கு அனுமதி இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் 1990-இலிருந்து இருக்கிறது, ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். டிராக் டே நடக்கும்போது காசு கட்டிச் சொந்த வண்டியிலேயே ஓட்டலாம். எதிரே தண்ணி லாரி வராது.

முதல் சர்வீஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பக்கம் வாருங்கள். பேடாக் ஸ்டாண்ட் வாங்கும் வரை என்னுடையதையே வைத்துக்கொள்ளலாம். மண்ணெண்ணெய் நான் வைத்திருக்கிறேன், பழைய பனியன் மட்டும் நீங்கள் எடுத்து வாருங்கள்.